காற்றுத் துப்பாக்கியும் வேகப் பைத்தியமும்

துணியில் பொதிந்து அரக்கு முத்திரை வைத்து எங்கள் தடய அறிவியல் ஆய்வுக்கூடத்துக்கு வரும் துப்பாக்கிகளில் ஏர்கன் எனப்படும் காற்றுத் துப்பாக்கிகளும் உண்டு. கடையில் வாங்கியபடியே வருபவற்றை அளந்து அறிக்கை எழுதுவது எளிது. வீட்டில் கழற்றிப் பூட்டியவை அப்படியல்ல. ஸ்பிரிங் மாறியிருக்கும், திருகுகளின் தலை தேய்ந்திருக்கும், குழலுக்குள் கரி படிந்திருக்கும். உரிமையாளர் சொல்லும் காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான்: குண்டு இன்னும் வேகமாகப் போகிறதா என்று பார்த்தாராம்.

இந்த ஆசைக்கு முதல் தூண்டுதல் விளம்பரம். 'வினாடிக்கு 1,200 அடி' என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். எந்த எடையுள்ள குண்டை வைத்து அந்த எண் கிடைத்தது என்பது மட்டும் இருக்காது. ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 1,200 அடி என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 366 மீட்டர். சாதாரண 4.5 மி.மீ. ஈயக் குண்டின் எடை அரை கிராம் அளவில் இருக்கும். அது அந்த வேகத்தில் கிளம்பினால் அதன் ஆற்றல் 33 ஜூலைத் தாண்டும். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்குத்தான் உரிமம் தேவையில்லை. 20 ஜூலுக்குள் 366 மீட்டர் வேகம் வேண்டுமென்றால் குண்டின் எடை 0.3 கிராமுக்குள் இருக்க வேண்டும். ஆக, உரிமம் இல்லாமல் விற்கும் துப்பாக்கியில் 1,200 என்று போட்டிருந்தால், இறகு போன்ற உலோகக் கலவைக் குண்டை வைத்து அளந்திருப்பார்கள். இல்லையென்றால் அந்த எண் பொய். அதுவும் இல்லையென்றால் அந்தத் துப்பாக்கி உரிமம் இல்லாமல் விற்கவே கூடாதது.

சட்டம் வேகத்தைக் கேட்பதில்லை, ஆற்றலைத்தான் கேட்கிறது. எண்ணெயும் ஸ்பானருமாக உட்காரும் பையன்களுக்கு இது தெரிவதில்லை. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். அரை கிராம் குண்டு 175 மீட்டர் வேகத்தில் போனால் ஏழரை ஜூல் சொச்சம். அதுவே 280 மீட்டரானால் 20 ஜூலைத் தொட்டுவிடும். வேகம் ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டியதற்கு ஆற்றல் இரண்டரை மடங்கு. அதற்கு மேல் கொஞ்சம் முறுக்கினாலும், நேற்று வரை விளையாட்டுச் சாமானாக இருந்தது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பதாவது பயன்படுகிறதா? இல்லை. ஏர்கன் குண்டு இடுப்புச் சிறுத்து, பின்புறம் பாவாடை விரிந்த வடிவம் கொண்டது. அந்தப் பாவாடை காற்றில் இழுபடுவதும் குண்டை நேராகப் பறக்க வைக்கிறது. ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர். அதை நெருங்கும்போது காற்றுத்தடை திடீரென்று கூடுகிறது, குண்டு தள்ளாடத் தொடங்குகிறது. குழல்வாயில் கிடைத்த கூடுதல் வேகம் சிறிது தூரத்திலேயே கரைந்தும் போகிறது. குண்டு எவ்வளவு லேசோ அவ்வளவு சீக்கிரம் கரையும். பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளிக்குரிய இலக்கு வெறும் அரை மில்லிமீட்டர். 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் முதலிடம் பிடித்ததும் இந்தப் போட்டியில்தான். அதற்கான துப்பாக்கிகள் வினாடிக்கு 170, 180 மீட்டர் அளவில்தான் சுடுகின்றன. மெரினாவின் பலூன் கடைத் துப்பாக்கியைவிட அவை உயர்ந்து நிற்பது ஒவ்வொரு குண்டும் ஒரே வேகத்தில் போவதில்தான்.

வீட்டுப் பரிசோதனையில் முதலில் பறிபோவதும் அந்த ஒரே சீரான தன்மைதான். சுடும்போது ஸ்பிரிங் தள்ளி பிஸ்டன் முன்பாய்ந்து காற்றை அழுத்தும்போது வெப்பம் கடுமையாக ஏறும். உள்ளே எண்ணெய் தங்கியிருந்தால் அது தீப்பற்றும். டீசல் என்ஜினில் நடப்பது இதுவே. பெரிய சத்தம், கொஞ்சம் புகை, குண்டின் வேகத்தை அளக்கும் கருவியில் ஒரு பெரிய எண். சுட்டவர் மகிழ்ந்து போவார். எண்ணெய் எரிந்து தீர்ந்ததும் அடுத்தடுத்த குண்டுகள் வேறு வேறு வேகத்தில் போகும். காற்று கசியாமல் தடுக்கும் பிஸ்டன் சீல் கருகும், ஸ்பிரிங் உடையும். ஆய்வுக்கூடத்தில் எங்கள் வேலையும் இதனால் இரட்டிப்பாகிறது. வந்த நிலையில் ஓர் அளவு, எண்ணெய் தீர்ந்தபின் வேறோர் அளவு. இரண்டையும் அறிக்கையில் எழுதியாக வேண்டும்.

கனமான ஸ்பிரிங் போட்டவர்களுக்கு வேறு ஆபத்து. ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்தும் விசைக் கொக்கி பழைய பாரத்துக்குச் செய்யப்பட்டது. தேய்ந்த கொக்கி, குழலை மடக்கிக் குண்டு போடும்போதே நழுவலாம். குழல் படீரென்று திரும்பி மூடும்; இடையில் விரல் இருந்தால் எலும்பு நொறுங்கும்.

முன்கூட்டியே அழுத்தக் காற்று நிரப்பும் பிசிபி வகைத் துப்பாக்கிகள் இன்னும் கடுமையானவை. கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம் அழுத்தம்; இந்தத் துப்பாக்கிகளின் காற்று உருளைகளில் 200 முதல் 300 பார். அதை வெல்டிங் பட்டறையின் ஆக்ஸிஜன் சிலிண்டரிலிருந்து நிரப்பலாமா என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. கூடவே கூடாது. உயர் அழுத்த ஆக்ஸிஜனும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்தால் தீப்பொறிகூட வேண்டாம், வெடிக்கும். துப்பாக்கி இருப்பது கன்னத்துக்குப் பக்கத்தில்.

குண்டை அதிவேகத்தில் செலுத்தும் ஆராய்ச்சி உலகில் நடக்காமல் இல்லை. காற்று கனமானது, குண்டைத் தள்ளும்போது தன்னையும் தள்ளிக்கொள்ள வேண்டும். அதனால் ஹைட்ரஜன் போன்ற லேசான வாயுவை வைத்து நாசா வினாடிக்கு ஏழு கிலோமீட்டர் வரை சிறு குண்டுகளைச் செலுத்துகிறது. விண்கலத்தின் மேல் துகள் மோதினால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்கு. அது மூடிய இரும்பு அறைக்குள், ஆள் வெளியே நின்று செய்யும் வேலை. மொட்டை மாடியில் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்துச் செய்வதல்ல. இரும்பு உருண்டையானால் சுவரில் பட்டுச் சுட்டவரிடமே திரும்பிவரும்.

காயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வினாடிக்கு 350 அடிக்கு மேற்பட்ட வேகம் மரண அபாயத்தைக் கூட்டும் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கிறது. அது விளம்பரம் சொல்லும் 1,200-இல் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கண்ணுக்கு அதைவிடக் குறைந்த வேகமே போதும். (காஷ்மீர்ச் செய்திகளில் வந்த பெல்லட் துப்பாக்கி வேறு, அது வெடிமருந்தால் இயங்கும் ஷாட்கன்.) ஏர்கன் காயத்தின் வாய் மிகச் சிறியது, இரத்தமும் அதிகம் வராது. சிராய்ப்பு என்று நினைத்து மருந்து தடவி விட்டுவிடுகிறார்கள். குண்டு உள்ளே ஆழத்தில் இருக்கும்.

அடிபட்டவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். குண்டைத் தோண்டி எடுக்க முயல வேண்டாம். கண்ணானால் கழுவவோ அழுத்தவோ கூடாது. காகிதக் கோப்பை ஒன்றைக் கண்ணைத் தொடாமல் மேலே கவிழ்த்து ஒட்டினால் போதும். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மிச்சமுள்ள குண்டுகளின் டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்: ஈயமா இரும்பா என்று தெரியாமல் எம்ஆர்ஐ எடுத்தால், இரும்புக் குண்டைக் காந்தம் உள்ளேயே இழுத்து நகர்த்திவிடும்.