ஒரே செம்பருத்தி, நான்கு மாடி

வட சென்னையின் பெரம்பூரில் ஒரு மாடியில் அடுக்குச் செம்பருத்தி நன்றாகப் பூத்துவிட்டால் போதும், அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அது வியாசர்பாடிக்கும் கொடுங்கையூருக்கும் போயிருக்கும். ஈரத்துணியில் சுற்றிய நாலு குச்சி, பால் கவரில் ஒரு வேர்க்கன்று, காகிதத்தில் மடித்த அவரை விதை என்று மாடித் தோட்டக்காரர்கள் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். கூடவே "நிழல்ல வைங்க, தண்ணி ரொம்ப ஊத்தாதீங்க" என்ற பாடமும் வரும். இந்தக் கொடுக்கல் வாங்கலில் எனக்குப் பெரிய வியப்பு அந்தக் குச்சிதான். வேரே இல்லாத ஒரு தண்டு, தனக்கு வேர் வேண்டும் என்பதை எப்படித் தெரிந்துகொள்கிறது?

பதில் ஆக்சின் என்ற ஹார்மோனில் தொடங்குகிறது. 1920களில் டச்சுத் தாவரவியலாளர் ஃப்ரிட்ஸ் வென்ட், ஓட்ஸ் முளைகளின் நுனியை வெட்டி, அகார் என்ற கடற்பாசிக் கூழ்க் கட்டியின்மேல் வைத்தார். நுனியிலிருந்து ஏதோ ஒரு பொருள் அகாருக்குள் இறங்கியது. அந்த அகாரை வெட்டுப்பட்ட முளையில் வைத்ததும் முளை மறுபடி வளர்ந்தது. அந்தப் பொருள்தான் ஆக்சின். அதே பொருள் வேரையும் தூண்டுகிறது என்பது 1930களில் தெரியவந்தது.

துளிர்களிலும் இளம் இலைகளிலும் உருவாகும் ஆக்சின், தண்டு வழியாக நுனியிலிருந்து அடியை நோக்கிச் செல்செல்லாக நகர்கிறது. ஒவ்வொரு செல்லின் அடிப்பக்கச் சவ்விலும் அதை வெளியே தள்ளும் புரதங்கள் இருப்பதால் திசை மாறுவதில்லை. முழுச் செடியில் அது வேர்வரை போய்விடும். குச்சியை வெட்டியதும் பாதை அங்கேயே அறுந்துபோகிறது. ஆனால் மேலிருந்து வரத்து நிற்பதில்லை, அதனால் வெட்டுவாய்க்கு அருகே ஆக்சின் தேங்குகிறது. காயம்பட்ட திசுவிலிருந்து எழும் வேதிச் சைகைகளும் அதோடு சேர்கின்றன. அப்போது தண்டின் நீர்க்குழாய்களை ஒட்டியிருக்கும் சில செல்கள் அதுவரை பார்த்த வேலையை விட்டுவிட்டு மறுபடி ஒன்று இரண்டாகப் பிரியத் தொடங்குகின்றன. அந்தச் சிறு கூட்டம் வேர்நுனியாக உருவெடுத்து, பட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. கடையில் விற்கும் ரூட்டிங் பவுடரில் இருப்பதும் பெரும்பாலும் இண்டோல் பியூட்டிரிக் அமிலம் என்ற ஆக்சின்தான்.

குச்சியைத் தலைகீழாக நடக்கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. திருப்பி நட்டாலும் ஆக்சின் பழைய அடிமுனையை நோக்கியே போகும், அந்த முனையோ காற்றில் நிற்கும். அடியைச் சாய்வாகவும் மேலே நேராகவும் வெட்டித் தருகிறார்களே, எது கீழ் என்று வாங்குகிறவர் குழம்பாமல் இருக்க அதைவிட நல்ல அடையாளம் இல்லை.

வேர் வரும்வரை குச்சி பிழைக்க வேண்டுமே, அதுதான் கடினமான பகுதி. இலைத்துளைகள் வழியாக நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், உறிஞ்சித் தர வேர் இல்லை. இலையை முழுக்கக் கிள்ளிவிட்டால் சர்க்கரையும் ஆக்சினும் குறையும், முழுக்க விட்டால் குச்சி வதங்கும். அதனால்தான் இரண்டு மூன்று இலைகளை மட்டும் விட்டு, பெரிய இலையானால் பாதியாக வெட்டி, மேலே ஒரு வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து வைக்கிறோம். கத்தரி வெயிலில் நட்ட குச்சி காய்வதும், ஐப்பசி கார்த்திகையில் நட்டது தழைப்பதும் பெரும்பாலும் காற்றின் ஈரத்தைப் பொறுத்தது. அதே சமயம் மண் சொதசொதவென்று இருந்தால் ஆக்சிஜன் போகாமல் வெட்டுவாய் அழுகும்.

எல்லாச் செடியும் ஒரே மாதிரி அல்ல. மணி பிளான்ட்டின் கணுக்களில் வேர் முனைகள் ஏற்கெனவே தயாராக இருப்பதால் வெறும் தண்ணீரே போதும். கற்பூரவல்லியும் அப்படி எளிதாக வேர்விடும். முருங்கைக்குப் போத்து என்கிற தடித்த கிளைத்துண்டு வேண்டும், அதில் சேமித்த உணவு இருக்கிறது. கறிவேப்பிலைக் குச்சி பெரும்பாலும் ஏமாற்றிவிடும். தாய்ச்செடியின் வேரிலிருந்து கிளம்பும் கன்றைத் தோண்டிக் கொடுப்பது நல்லது. விதையென்றால் பழம் பறித்ததும் போட்டுவிட வேண்டும், சில வாரங்களிலேயே முளைப்புத்திறன் போய்விடும்.

சரி, குச்சி வேர்விட்டுவிட்டது. இப்போது கையில் இருப்பது தாய்ச்செடியின் பிள்ளை அல்ல, மரபணு அளவில் அதே செடி. விதையில் இரு பெற்றோரின் மரபணுக்கள் கலக்கும், குச்சியில் எதுவும் கலப்பதில்லை. பூக்கும் பருவத்தை எட்டிய கிளை அந்தப் பருவத்தைத் தன்னோடு கொண்டுபோவதால், விதைச் செடியைவிடச் சீக்கிரம் பூக்கிறது. நம் குண்டுமல்லியில் விதை பிடிப்பதே அரிது. குச்சியும், கிளையை வளைத்து மண்ணில் புதைத்து வேர்விடவைக்கும் பதியனும்தான் அதைத் தலைமுறை தலைமுறையாக வீடு வீடாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன.

இங்கேதான் தோட்டம் பார்க்கப் போவதற்கு ஒரு புதிய அர்த்தம் கிடைக்கிறது. பெரம்பூர்ச் செம்பருத்தி நான்கு மாடிகளில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், நான்கிலும் மரபணு ஒன்றே. காசிமேட்டில் இலை ஓரம் கருகி, மாதவரத்தில் பச்சைப்பசேல் என்று நின்றால், அந்த வேறுபாட்டுக்குச் செடியின் இரகத்தைக் குறை சொல்ல முடியாது. இடத்தையும் வளர்ப்பையும்தான் பார்க்க வேண்டும். இதே வழியை அறிவியலும் பயன்படுத்தியது. கலிபோர்னியாவில் கிளாவுசன், கெக், ஹீசி என்ற மூவர் ஒவ்வொரு காட்டுச்செடியையும் துண்டுகளாகப் பிரித்து, கடல்மட்டத்தை ஒட்டிய தோட்டத்திலும், சுமார் 1,400 மீட்டர் உயரத்திலும், 3,000 மீட்டருக்கு மேலும் நட்டார்கள். செடியின் தோற்றத்தில் எவ்வளவு பிறப்பால் வந்தது, எவ்வளவு இடத்தால் வந்தது என்று பிரித்துக் காட்டிய அந்த ஆய்வு 1940இல் வெளியானது. குச்சி கொடுத்துவிட்டுப் பிறகு பார்க்கப் போகிறவர்கள், தங்களை அறியாமலே அந்த ஆய்வின் அமைப்பைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

வட சென்னையில் அப்படிப் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி தண்ணீர். மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடிக்குள் ஏறியது 1960களிலேயே கண்டறியப்பட்டது. கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் வீடுகள் உண்டு. தொட்டியில் ஊற்றும் நீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. ஊற்ற ஊற்றச் சேர்ந்துகொண்டே வரும், தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியும். மண்நீரில் உப்பு கூடினால் வேர் நீரை இழுப்பது கடினமாகிறது, ஈரம் இருந்தும் செடி வாடுகிறது. இலைக்குப் போன சோடியமும் குளோரைடும் ஓரத்தில் தேங்கிக் கருக வைக்கின்றன. ஆர்.ஓ. கழிவுநீரிலும் உப்பு செறிந்திருக்கும் என்பதால் அதைச் செடிக்கு ஊற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன். காசிமேட்டு மீன் தெர்மாகோல் பெட்டி அருமையான தொட்டி, ஆனால் நன்றாகக் கழுவி, அடியில் துளை போட்ட பிறகு. வடகிழக்குப் பருவமழை நாலு நாள் விடாமல் பெய்தால் தொட்டியில் சேர்ந்த உப்பின் பெரும்பகுதி அடித்துளை வழியாக வெளியேறிவிடும். அப்புறம் எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல். இலைமேல் படியும் தூசு வெளிச்சத்தை மறைத்து ஒளிச்சேர்க்கையைக் குறைக்கும், இலையைக் கழுவிவிடுவது உண்மையில் பலன் தரும்.

இன்னொன்று, புது வீட்டுக்கு வந்த செடி இலை உதிர்த்தால் பயப்பட வேண்டாம். நிழலில் உருவான இலை மெல்லியது, வெயிலுக்கேற்ற தடித்த இலையாக அது பின்னர் மாற முடியாது. செடி அதை உதிர்த்துவிட்டு, புதிய இடத்துக்கேற்ற இலையைப் புதிதாகத்தான் செய்யும்.

அதே செடி போகும்போது அதன் நோயும் போகும். வைரஸ் புகுந்த செடியின் குச்சியில் பெரும்பாலும் வைரஸ் இருக்கும், வீட்டில் அதற்கு மருந்து இல்லை. தேமல் விழுந்த, சுருண்ட இலையுள்ள செடியிலிருந்து குச்சி எடுக்கவே கூடாது. மாவுப்பூச்சியோ கணுக்கிடுக்கில் ஒளிந்தே வரும். மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயம்புத்தூரில் காணப்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று பரவியது. மருந்தடித்து அடங்காத அதை அடக்கியது, 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற மிகச்சிறு குளவி. அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும், புழு உள்ளேயே தின்று வளரும்.

அதனால் வாங்கிவந்த செடியை இரண்டு மூன்று வாரம் தனியாக வையுங்கள். அதற்குள் ஒளிந்திருந்த முட்டைகள் பொரித்துக் கண்ணுக்குத் தெரிந்துவிடும். எறும்பு வரிசையாக ஏறுகிறதா என்றும் பாருங்கள், மாவுப்பூச்சி கசியும் இனிப்புநீருக்காகத்தான் அது வரும், குளவியை விரட்டுவதும் அதுவே. பூச்சிகளுக்கிடையே உப்பிக் காய்ந்த பழுப்பு உடல்கள் தெரிந்தால் உள்ளே குளவி வளர்கிறது என்று பொருள். அந்தக் கிளையில் மருந்து அடிக்காமல், எறும்பை மட்டும் தடுத்துவிடுங்கள்.