மில் இருந்த இடத்தில் வீடா? பட்டா மட்டும் போதாது

பெரம்பூரில் பின்னி மில் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. கோவைப் பக்கமும் பூட்டிக் கிடக்கும் மில்லுக்கும் குடோனுக்கும் விலை பேச ஆள் வருகிறது. இடம் நல்ல இடம்தான். சிக்கல் காகிதத்தில்.

என் உறவினர் ஒருவர் பி.எஃப். பணத்தைப் போட்டு இப்படி ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்தார். பட்டா சுத்தம், வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லை, சொத்துவரி ரசீதும் கையில். வங்கி மட்டும் கடன் தர மறுத்தது. எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று அரசு வகுத்த முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) அந்த இடம் இன்னும் தொழிற்சாலைப் பகுதி. தாலுகா ஆபீஸில் கேட்டால் "பட்டா சரியா இருக்கே", மாநகராட்சியில் கேட்டால் "வரி கட்டியாச்சே". இரண்டுமே உண்மை, இரண்டுமே உதவாது. பட்டா நிலம் யாருடையது என்று சொல்லும், அங்கே என்ன கட்டலாம் என்று சொல்லாது. வில்லங்கச் சான்றிலும் அது வராது.

அதைச் சொல்ல வேண்டியது சென்னைப் பகுதியில் சிஎம்டிஏ எனும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், மற்ற ஊர்களில் நகர ஊரமைப்புத் துறை. சர்வே எண்ணோடு போய் நில உபயோகம் என்னவென்று எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொல்வதை நம்பி வந்துவிடாதீர்கள். தொழிற்சாலை என்றிருந்தால் 1971-ஆம் ஆண்டின் நகர ஊரமைப்புச் சட்டப்படி குடியிருப்புப் பகுதியாக வகைமாற்றம் ஆகியிருக்க வேண்டும். "விண்ணப்பம் போட்டாச்சு சார், அடுத்த மாசம் வந்துரும்" என்பார்கள். அந்த அடுத்த மாசம் எத்தனை வருஷம் கழித்து வருமோ! ஆணையின் நகலைக் கேளுங்கள். ஆணை இல்லையென்றால் வகைமாற்றம் ஆகவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது, எனக்கு அதிகம் எரிச்சலூட்டும் பொய்: "பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கிறோம், அதுக்கு ரெரா வேண்டாம்." ரெரா என்பது வீட்டுத் திட்டங்களைப் பதிவு செய்ய வைக்கும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். புதுப்பிப்புக்கு அதில் விலக்கு உண்டுதான். ஆனால் விளம்பரமோ விற்பனையோ புதிய ஒதுக்கீடோ இல்லாத புதுப்பிப்புக்கு மட்டும். உங்களிடம் விற்க வந்த நிமிடமே அந்த விலக்கு போயிற்று. 500 சதுர மீட்டர் நிலத்தையும் எட்டு வீடுகளையும் தாண்டும் திட்டத்துக்குப் பதிவு கட்டாயம். மில் வளாகம் இரண்டையுமே தாண்டிவிடும். பதிவுக்கு முன் புக்கிங் பணம் வாங்குவதே தவறு. பதிவு எண் கொடுத்தால், ரெரா இணையதளத்தில் நீங்களே தேடுங்கள். எந்தப் பகுதிக்குப் பதிவு என்றும் பாருங்கள். ஒரு பிளாக்குக்கு வாங்கிய எண்ணை வளாகம் முழுவதற்கும் காட்டுவார்கள்.

விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யும்வரை விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். அதற்கு மேல் கேட்க ரெரா சட்டத்தில் இடமில்லை. கொடுப்பதை வங்கி வழியாகக் கொடுங்கள். ரொக்கத்துக்குத் துண்டுச் சீட்டு வாங்கியவர்களால் பிறகு எதையும் நிரூபிக்க முடிவதில்லை.

சாவி வாங்கும்முன் பணி நிறைவுச் சான்றைக் கேளுங்கள். இப்படிப்பட்ட பெரிய அடுக்குமாடிக்கு அது இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு வராது. கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பில் குடியேறிவிட்டு, அந்தக் கட்டணத்தில் மின்விசிறி ஓட்டிக்கொண்டு இ.பி. ஆபீஸுக்கு நடப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே சொல்லும் பதில் ஒன்றுதான்: "பில்டரைக் கூட்டிட்டு வாங்க."