றூட் செய்த போனும் தொலைந்த சாவியும்

கிளிநொச்சியில் பதினொரு வருடமாகப் போன் திருத்துகிறேன். திரை உடைந்தது, சார்ஜ் ஏறாதது, கிணற்றடியில் தண்ணீருக்குள் விழுந்தது என்று வருபவைதான் அதிகம். இப்போது இன்னொரு முறைப்பாடும் அடிக்கடி வருகிறது: படம் மங்கலாக ஓடுகிறது, வங்கிச் செயலி திறக்க மறுக்கிறது.

போன மாதம் முல்லைத்தீவிலிருந்து ஓர் அக்கா, படம் மங்கலாக ஓடுகிறது என்று வந்தார். பிரான்சில் இருக்கும் தம்பி செகண்ட் ஹாண்டில் வாங்கி அனுப்பிய நல்ல போன். "டவர் சரியில்லையாக்கும் எண்டு ரெண்டுதரம் சிம் மாத்தினன் தம்பி, டேட்டாவும் கூடப் போட்டுப் பாத்தன்" என்றார். போனை அணைத்துத் திரும்பப் போட்டேன். கம்பனியின் பெயர் வருவதற்கு முன்பே பூட்லோடர், அதாவது போன் எழும்பும்போது முதலில் ஓடி மென்பொருளை ஏற்றுகிற நிரல், திறந்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. "அது எந்த நாளும் வாறதுதான். நான் பட்டனை அமத்திப்போட்டு விட்டிடுவன்" என்றார்.

காசு கட்டிப் பார்க்கிற படம் போனுக்குப் பூட்டித்தான் வருகிறது. திறக்கும் சாவியைப் படம் தருகிறவர்களின் சேர்வர் தனியாக அனுப்பும். அதுவும் வெறுமனே வராது; போனுக்குள் ஏற்கெனவே இருக்கிற இன்னொரு இரகசியச் சாவி இருந்தால்தான் அதைப் பிரிக்கலாம். அன்ரொயிட் போன்களில் இந்த வேலையைப் பார்ப்பது வைட்வைன், 2010இல் கூகுள் வாங்கியது. அதில் எல்1, எல்3 என்று படிகள் உண்டு. எல்1 போனில் சாவியும் படத்தைப் பிரிக்கிற வேலையும் சிப்புக்குள் ஒதுக்கிய தனி அறையில் இருக்கும். அன்ரொயிட்டே அதற்குள் எட்டிப் பார்க்க முடியாது. எல்3இல் அந்த அறை கிடையாது, எல்லாம் சாதாரண மென்பொருள்தான். அதனால் பல சேவைகள் எல்3 போனுக்குத் தெளிவான படத்தைக் கொடுப்பதில்லை. பூட்லோடரைத் திறந்தால் பல போன்கள் எல்1இலிருந்து எல்3க்கு இறங்கிவிடும். அக்காவின் போனை யாரோ முதல் சொந்தக்காரர் திறந்திருக்கிறார்; மங்கல் படம் இவருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இதைத் தெரிந்தே செய்கிற பெடியளும் வருகிறார்கள். பரந்தன் பக்கத்தில் ஏ.எல். படிக்கிற தம்பி ஒருவர், "அண்ணை, றூட் பண்ணிட்டன், வைட்வைன் கீயை மட்டும் எடுத்துத் தாங்கோ" என்று கேட்டார். றூட் என்றால் போனுக்குள் எதையும் தொடுகிற முழு அதிகாரத்தை எடுப்பது. படங்களை இறக்கிக் கூட்டாளிமாருக்குக் கொடுக்கிற யோசனை. கெட்டிக்காரப் பிள்ளை. ஏச மனம் வரவில்லை, இருத்தி வைத்துக் கதைத்தேன்.

அப்படி எடுக்கவே ஏலாது என்று நான் அவருக்குப் பொய் சொல்லவில்லை. 2019இல் டேவிட் புக்கானன் என்பவர் எல்3ஐ உடைத்துவிட்டதாக அறிவித்தார். 2021இல் பிரான்ஸ் ஆராய்ச்சியாளர்கள் நெக்ஸஸ் 5 போனிலிருந்து மூலச்சாவியையே எடுத்துக் காட்டினார்கள், கூகுளுக்கும் அறிவித்தார்கள். ஆனால் இவ்வளவு பாடுபட்டும் அவர்களுக்கு நெட்ஃபிளிக்ஸில் கிடைத்த படம் 960க்கு 540 என்ற தரம்தான். தெளிவான படத்தின் சாவியைப் பல சேவைகள் எல்3 போனுக்கு அனுப்புவதே இல்லை. வெளியே கசிந்த சாவியைச் செல்லாததாக்கவும் கூகுளால் முடியும். அதோடு, படத்தைப் பிரதி பண்ணிப் பகிர்வது நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் குற்றம்.

இவ்வளவும் சொன்னபோது அவர் முகம் மாறவில்லை. றூட் அனுமதி பெற்ற செயலிகளின் பட்டியலைத் திறந்து காட்டியபோதுதான் மாறியது. மூன்று பெயர்கள் இருந்தன. இரண்டைத்தான் அவருக்குத் தெரியும். மூன்றாவது, சாவி எடுத்துத் தரும் என்று யாரோ அனுப்பிய கோப்போடு வந்தது. றூட் அனுமதி கிடைத்தால் அந்தச் செயலி குறுஞ்செய்தியை வாசிக்கலாம், படங்களை எடுக்கலாம், எழுதுகிற கடவுச்சொல்லைப் பார்க்கலாம். அந்தப் போனில் இருந்தது அம்மாவின் சிம். வெளிநாட்டுக் காசு வந்தால் வங்கி உறுதிப்படுத்தும் இரகசிய இலக்கத்தை அனுப்புவது அந்தச் சிம்முக்குத்தான். உடனே சிம்மைக் கழற்றிக் கையில் கொடுத்து, வேறு போனிலிருந்து கடவுச்சொற்களை மாற்றச் சொன்னேன்.

நம் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு நல்ல போன் இருந்தாலே பெரிது. பிள்ளையின் படிப்பு, வங்கி, கனடாவில் இருக்கிற மாமாவின் அழைப்பு எல்லாம் அதற்குள்தான். ஆகவே பழைய போன் வாங்குகிறவர்கள் காசு கொடுக்க முதல் அதை ஒருதரம் அணைத்துப் போட்டுப் பாருங்கள், அந்த எச்சரிக்கை வருகிறதா என்று. பிறகு டிஆர்எம் இன்ஃபோ போன்ற இலவசச் செயலியில் எல்1ஆ எல்3ஆ என்று பாருங்கள். ரீசெட் பண்ணினால் சரிவரும் என்று விற்கிறவர் சொன்னால் நம்ப வேண்டாம். சாம்சங் போன்களில் நொக்ஸ் பாதுகாப்புக்காகச் சிப்புக்குள் வைத்திருக்கிற மின்னுருகி, அதாவது ஒரு சின்ன ஃபியூஸ், ஒருமுறை எரிந்தால் எரிந்ததுதான். பழைய சோனி எக்ஸ்பீரியாக்களில் பூட்லோடரைத் திறந்த உடனேயே சாவிகள் அழிந்துவிடும், கமராவின் தரமும் குறையும்.

அக்காவின் போன் மாதிரிக்கு வழி இருந்தது: கம்பனி மென்பொருளைத் திரும்ப ஏற்றி, பூட்லோடரைப் பூட்ட வேண்டும். மாற்றிய மென்பொருள் உள்ளே இருக்கும்போதே பூட்டினால் போன் எழும்பாமலே போகலாம், அதனால் வீட்டில் முயற்சிக்க வேண்டாம். பூட்டும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழியும் என்றதும் அவர் போனைத் திரும்ப வாங்கி மார்போடு வைத்துக்கொண்டார். அம்மாவின் கடைசிப் படங்கள் அதற்குள் இருந்தன. ஒரு மெமரி கார்ட்டில் எல்லாவற்றையும் ஏற்றி, ஒவ்வொன்றாக அவருக்குத் திறந்து காட்டி, அவர் தலையாட்டிய பிறகுதான் வேலையைத் தொடங்கினேன். பின்னேரம் எல்1 என்று வந்தது. கார்ட்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு முல்லைத்தீவு பஸ்ஸுக்கு ஓடினார்.