குறைமாதக் குழந்தையின் நுரையீரல்: முன்கூட்டியே எவ்வளவு சொல்ல முடியும்?

26 வாரத்தில் பிறந்த ஒரு குழந்தையின் அப்பா. ஐசியுவுக்குள் வந்ததும் நேராக வென்டிலேட்டர் திரையைத்தான் பார்ப்பார். ஆக்சிஜன் எத்தனை சதவீதம் ஓடுகிறது என்று ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார். 38, 35, 35, 41 என்று பக்கம் பக்கமாக எண்கள். பதினான்காம் நாள் அந்த நோட்டை என்னிடம் நீட்டி, "இவனுக்கு நுரையீரல் நோய் வருமா வராதான்னு இதை வச்சுச் சொல்ல முடியுமா டாக்டர்?" என்று கேட்டார்.

ஓரளவுக்குச் சொல்ல முடியும். யாரும் சொல்லித்தராமலே அவர் சரியான எண்ணைத்தான் பிடித்திருந்தார்.

அவர் கேட்ட நோய்க்கு பிராங்கோபல்மனரி டிஸ்பிளேசியா என்று பெயர், சுருக்கமாக பிபிடி. 1967இல் வில்லியம் நார்த்வே என்ற கதிரியக்க மருத்துவரும் அவருடைய சக மருத்துவர்களும் இதை முதன்முதலில் விவரித்தார்கள். அவர்கள் பார்த்தது, கடுமையான வென்டிலேட்டர் அழுத்தத்திலும் அதிக ஆக்சிஜனிலும் தழும்பேறிப்போன நுரையீரல்களை. 26 வாரக் குழந்தைகள் பிழைப்பதே அன்றைக்கு அரிது. இன்று நாங்கள் பார்க்கும் பிபிடி வேறு மாதிரி. 26 வாரத்தில் நுரையீரல் என்பது கிளை விட்டு இன்னும் இலை துளிர்க்காத மரம். காற்றுக் குழாய்கள் பிரிந்திருக்கும், ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சேர்க்கும் நுண்ணிய காற்றறைகள் பெரும்பாலும் 36 வாரத்துக்குப் பிறகுதான் உருவாகும். காற்று, ஆக்சிஜன், கிருமி, வீக்கம் எல்லாம் முன்கூட்டியே வந்து மோதும்போது அந்தத் துளிர்ப்பு தடைபடுகிறது. காற்றறைகள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்து நின்றுவிடுகின்றன.

சிக்கல் என்னவென்றால், தாயின் வயிற்றில் இருந்த காலத்தையும் சேர்த்து 36 வாரம் ஆகும்போதுதான் இந்த நோயை உறுதிசெய்கிறோம். அப்போதும் குழந்தைக்கு ஆக்சிஜனோ மூச்சுக்கு உதவியோ தேவைப்படுகிறதா என்பதுதான் அளவுகோல். 26 வாரத்தில் பிறந்தவனுக்கு அதற்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது. சேதமோ முதல் சில வாரங்களிலேயே நடந்துவிடுகிறது. அதனால்தான் முன்கூட்டியே கணிக்க வேண்டியிருக்கிறது.

பிறந்த அன்று கையில் இருப்பவை சில விவரங்கள்தான்: எத்தனை வாரம், என்ன எடை, ஆணா பெண்ணா, வயிற்றுக்குள்ளேயே வளர்ச்சி குன்றியிருந்ததா. ஆண் குழந்தைகளுக்கு அபாயம் கொஞ்சம் கூடுதல். நாள் போகப் போக, குழந்தை எப்படி மூச்சு விடுகிறது என்பதுதான் அதிகம் பேசும். தொண்டையில் குழாயோடு வென்டிலேட்டரில் இருக்கிறதா, மூக்கு வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தும் சிபாப் போதுமா, எத்தனை சதவீத ஆக்சிஜன் வேண்டியிருக்கிறது? சாதாரணக் காற்றில் 21 சதவீதம் இருக்கிறது. இரண்டு வாரம் ஆகியும் 40ஐத் தொட்டுக்கொண்டிருப்பது நல்ல அறிகுறி இல்லை.

இந்த விவரங்களில் பெரும்பாலானவற்றைச் சேர்த்துக் கணக்கிடும் ஒரு முறையை அமெரிக்க மருத்துவமனைகளின் ஆய்வுக் கூட்டமைப்பு ஒன்று 2011இல் வெளியிட்டது. பிறந்த 1, 3, 7, 14, 21, 28ஆம் நாட்களில் தனித்தனியாகக் கணக்கிடலாம். ஒரே குழந்தைக்கு மூன்றாம் நாள் வரும் விடையும் பதினான்காம் நாள் வரும் விடையும் வெகுவாக வேறுபடலாம். வேறு நாட்டு, வேறு இனக் குழந்தைகளுக்கு அது அப்படியே பொருந்தும் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. முதல் வாரத்திலேயே நுரையீரலை அல்ட்ராசவுண்டில் பார்த்து மதிப்பெண் போடும் முறையும் இப்போது உதவுகிறது. கதிர்வீச்சு இல்லை, குழந்தையைத் தூக்கிப் புரட்ட வேண்டியதும் இல்லை.

சரி, தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறோம்? இந்தக் கேள்வியைப் பெற்றோர் அவசியம் கேட்க வேண்டும், ஏனென்றால் இதன் பின்னால் ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. 1990களில் குறைமாதக் குழந்தைகளுக்கு வீக்கத்தைத் தணிக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைத் தாராளமாகக் கொடுத்தார்கள். குழந்தைகள் சீக்கிரம் வென்டிலேட்டரிலிருந்து வெளியே வந்தார்கள், எல்லோருக்கும் நிம்மதி. சில ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது, குறிப்பாகப் பிறந்த முதல் வாரத்திலேயே மருந்து பெற்றவர்களில், உடல் அசைவைப் பாதிக்கும் பெருமூளை வாதம் அதிகமாக இருந்தது தெரியவந்தது. 2002இல் அமெரிக்க, கனடா குழந்தை மருத்துவச் சங்கங்கள் வழக்கமாக இதைக் கொடுக்க வேண்டாம் என்றன.

மருந்தையே கைவிட்டுவிடலாமா? அதுவும் சரியில்லை. 2005இல் ஆஸ்திரேலியக் குழந்தை மருத்துவர் லெக்ஸ் டாய்லின் குழுவினர் பழைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பிபிடி அபாயம் 35 சதவீதத்துக்குக் கீழே இருந்த ஆய்வுகளில் ஸ்டீராய்டு, மரணமோ பெருமூளை வாதமோ நேரும் வாய்ப்பைக் கூட்டியிருந்தது. 65 சதவீதத்துக்கு மேல் இருந்த ஆய்வுகளில் அதே மருந்து அந்த வாய்ப்பைக் குறைத்திருந்தது. மருந்து ஒன்றுதான், யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கணிப்பை நான் இவ்வளவு முக்கியமாக நினைப்பதற்கு இதுவே காரணம்.

ஆனால் அந்த எண்ணைச் சொல்லும் விதத்தில் நான் ஒரு முறை தவறு செய்திருக்கிறேன். மூன்றாம் நாளில் ஒரு அம்மாவிடம் "எழுபது சதவீத வாய்ப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த குழந்தையிடம் போய்விட்டேன். அவர் இரண்டு நாள் பால் பீய்ச்சிக் கொண்டுவரவில்லை. "எப்படியும் வரத்தானே போகுது" என்றாராம் செவிலியரிடம். அந்தக் குழந்தையின் நுரையீரல் வளர அந்தப் பாலைவிட நல்லது எங்களிடம் எதுவும் இல்லை. எழுபது சதவீதம் என்றால், இதே நிலையில் உள்ள பத்துக் குழந்தைகளில் ஏழு பேருக்கு வரலாம். உங்கள் குழந்தை அந்த ஏழில் ஒருவனா, மூன்றில் ஒருவனா என்று அந்த எண் சொல்லாது. இப்போதெல்லாம் உட்கார்ந்துதான் பேசுகிறேன். எண்ணோடு சேர்த்து, இதனால் இன்று சிகிச்சையில் என்ன மாறப்போகிறது, மறுபடி எப்போது கணக்கிடுவோம் என்பதையும் சொல்கிறேன்.

எண் எதுவானாலும் செய்ய வேண்டியவை உண்டு. மூச்சைத் தூண்டும் காஃபீன் மருந்து பிபிடியைக் குறைக்கிறது என்பது 2006இல் வெளியான பெரிய ஆய்விலேயே உறுதியானது. குழாயை எவ்வளவு சீக்கிரம் எடுக்க முடியுமோ எடுக்க வேண்டும். அப்புறம் தாய்ப்பால், மார்போடு அணைத்து வைத்திருக்கும் கங்காரு பராமரிப்பு, தொடும் ஒவ்வொருவரும் கை கழுவுவது.

நோட்டு வைத்திருந்த அப்பாவின் மகனுக்கு அன்று அபாயம் அதிகம் என்றே கணக்கு சொன்னது. பெற்றோர் இருவரிடமும் நன்மை தீமைகளைப் பேசிவிட்டு, குறைந்த அளவு ஸ்டீராய்டைச் சில நாட்களுக்குக் கொடுத்தோம். அந்த வாரமே குழாய் வெளியே வந்தது. நோட்டில் 30, 28, 25 என்று இறங்கியது. 36ஆம் வாரத்தில் மூக்கில் மெல்லிய குழாயில் கொஞ்சம் ஆக்சிஜன் தேவைப்பட்டது. ஆகவே, அவனுக்கு பிபிடி வந்தது. ஆனால் லேசான வகை.

இப்படி வீட்டுக்குப் போகும் குழந்தைகளின் நுரையீரல் அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் புதிய காற்றறைகளை உருவாக்கிக்கொண்டே இருக்கும். முதல் இரண்டு ஆண்டுகளில் கூடுதல் கவனம் தேவை. சாதாரணச் சளிகூட இவர்களை மறுபடி மருத்துவமனைக்குக் கொண்டுவரலாம். வீட்டுக்குள் யாரும் புகைபிடிக்கக் கூடாது, அடுப்புப் புகையும் கூடாது. தடுப்பூசிகளைப் பிறந்த தேதியை வைத்தே போட வேண்டும், குறைமாதம் என்று தள்ளிப்போடக் கூடாது. வீட்டில் உள்ளவர்களும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. குழந்தை வேகமாக மூச்சு வாங்கினாலோ, மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் களைத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கிளம்பிவிடுங்கள்.