ரீகால் வந்த ட்ரக்கில் ட்ரெய்லரை மாட்டலாமா?

விற்ற வண்டியைக் குறை சரிசெய்ய நிறுவனமே திரும்ப அழைக்கும் ரீகால் கடிதம் எதையெல்லாம் சொல்லும் என்பது ஏறக்குறைய எல்லோருக்கும் தெரியும். உங்கள் வண்டியில் இன்ன குறை இருக்கிறது, இலவசமாகச் சரிசெய்து தருவோம், பாகம் வந்ததும் சொல்கிறோம். சரி, அதுவரை வண்டியை ஓட்டலாமா? ஓட்டலாம் என்றால், பின்னால் மூன்றரை டன் ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு மலை ஏறலாமா? இந்த இரண்டாவது கேள்விக்குக் கடிதத்தில் பெரும்பாலும் பதில் இருக்காது. அமெரிக்காவில் பிக்கப் ட்ரக் வாங்குகிறவர்களில் பலர் படகையோ குதிரையையோ தங்கும் வசதியுள்ள கேம்பரையோ இழுக்கத்தான் அதை வாங்குகிறார்கள். அவர்களுக்கு முதல் கேள்வியைவிட இதுதான் முக்கியம்.

பதில் எஞ்சினுக்குள்ளே இருக்கிறது. அதைப் பார்க்க 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்த ரீகாலை எடுத்துக்கொள்கிறேன். செவர்லே சில்வராடோ 1500, ஜிஎம்சி சியெரா 1500 ட்ரக்குகளிலும், அதே எஞ்சின் பொருத்திய டாஹோ, சபர்பன், யூகான், எஸ்கலேட் வண்டிகளிலுமாக அமெரிக்காவில் மட்டும் கிட்டத்தட்ட 6 லட்சம். 2021 முதல் 2024 வரையிலான மாடல்கள், எல்87 என்ற 6.2 லிட்டர் வி8 எஞ்சின். கனெக்டிங் ராடிலோ கிராங்க் ஷாஃப்டிலோ உற்பத்திக் குறை. ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் கெட்டு வண்டி இழுவிசையை, அதாவது ஓடும் சக்தியையே, இழக்கலாம். ‘ஓட்டவே வேண்டாம்’ என்ற எச்சரிக்கை இதில் இல்லை.

பிஸ்டன் மேலும் கீழும் போகிறது, கிராங்க் ஷாஃப்ட் சுற்றுகிறது. இரண்டையும் இணைப்பது கனெக்டிங் ராட். அதன் அடிமுனை கிராங்க் ஷாஃப்டைக் கவ்வும் இடத்தில் பேரிங் இருக்கிறது. இந்த பேரிங்கில் குண்டுகள் கிடையாது. பிறை வடிவத்தில் வளைந்த இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள், அவ்வளவுதான். வெளிப்பக்கம் எஃகு, உள்பக்கம் மென்மையான உலோகப் பூச்சு. கையில் எடுத்துப் பார்த்தால், இதுவா இத்தனை பாரத்தைத் தாங்குகிறது என்று நம்பக் கஷ்டமாக இருக்கும்.

உண்மையில் தகடு தாங்குவதில்லை, ஆயில்தான் தாங்குகிறது. 1883இல் பிரிட்டிஷ் பொறியாளர் பீச்சாம்ப் டவர் ரயில் அச்சு பேரிங்குகளில் உராய்வை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆயில் விடுவதற்காக பேரிங்கின் மேல்புறம் ஒரு துளை போட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும், உள்ளே போக வேண்டிய ஆயில் அந்தத் துளை வழியாகப் பொங்கி வெளியே வந்தது. கார்க்கால் அடைத்தார், கார்க் வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டையால் அடைத்தார், அதுவும் வெளியே வந்தது. கடைசியில் அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, அச்சின் மேல் இருந்த சராசரி பாரத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான அழுத்தம் ஆயிலில் இருந்தது. அச்சு பேரிங்கைத் தொடவே இல்லை, அழுத்தமேறிய ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டிருந்தது! இதற்கான கணிதத்தை ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் 1886இல் வகுத்தார். இன்றும் பேரிங் வடிவமைப்பவர்கள் அவர் சமன்பாட்டில்தான் தொடங்குகிறார்கள்.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது? ஆயில் பம்ப் கொடுப்பது சொற்பம். பாரம் அமுக்குவதால் சுழலும் தண்டு (ரயில் அச்சோ கிராங்க் ஷாஃப்டோ) பேரிங்கின் நடுவில் இல்லாமல் சற்று ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கிறது. அதனால் இடைவெளி ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் ஆப்பு போல ஆகிவிடுகிறது. சுழலும் தண்டு தன் மேல் ஒட்டிய ஆயிலை அந்தக் குறுகலுக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. போக வழியில்லாமல் நெருக்கப்படும் ஆயில் தண்டையே தூக்கிவிடுகிறது. மழைத் தண்ணீரில் வேகமாகப் போகும் டயர் சாலையை விட்டு மேலெழுவது இதே வித்தைதான். அங்கே ஆபத்து, இங்கே காப்பு.

இந்தப் படலத்தின் தடிமனை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன. தண்டு வேகமாகச் சுழன்றால் படலம் தடிக்கும். ஆயில் கெட்டியாக இருந்தாலும் தடிக்கும். பாரம் கூடினால் மெலியும். முழு பாரத்தில் மிக மெல்லிய இடத்தில் ஒன்றிரண்டு மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) மிஞ்சும். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான்.

இப்போது ரீகாலில் சொன்ன குறைகளுக்கு வருவோம். ஒன்று, ராடிலும் கிராங்க் ஷாஃப்டின் ஆயில் வழிகளிலும் வண்டல் போலத் தங்கிய துகள்கள். மற்றொன்று, கிராங்க் ஷாஃப்டின் அளவும் மேற்பரப்பின் வழுவழுப்பும் வரையறைக்குள் இல்லாதது. ஒன்றிரண்டு மைக்ரான் படலத்தில் அதைவிட உயரமான மேடு ஒன்று இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உலோகம் உலோகத்தைத் தொடும். தொட்ட இடம் சூடாகும், சூட்டில் ஆயில் நீர்த்துப்போகும், படலம் இன்னும் மெலியும், இன்னும் தொடும். மெக்கானிக்குகள் ‘பேரிங் அடிச்சிடுச்சு’ என்று சொல்லும் நிலை இப்படித்தான் வருகிறது.

இங்கேதான் ட்ரெய்லர் கணக்குக்குள் வருகிறது. எவ்வளவு வருகிறது என்று போட்டுப் பார்க்கலாம்.

அரிசோனாவில் கொலராடோ ஆற்றின் மேல் டேவிஸ் அணை இருக்கிறது. அதன் அருகே புல்ஹெட் சிட்டியிலிருந்து யூனியன் கணவாய் வரை சுமார் 18 கிலோமீட்டர் ஏற்றம், சராசரி சரிவு 5 சதவீதம். ட்ரக்குகளின் இழுவைத் திறனை நிர்ணயிக்கும் ஜே2807 என்ற பொறியாளர் சங்கத் தர விதி இந்தச் சாலையைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறது. வெப்பம் 38 டிகிரி அளவில் இருக்க வேண்டும், ஏசி முழுதாக ஓட வேண்டும், பின்புறம் ஒற்றைச் சக்கர ஜோடியுள்ள வண்டி மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே இறங்காமல் ஏறி முடிக்க வேண்டும். விளம்பரத்தில் பார்க்கும் ‘இத்தனை ஆயிரம் பவுண்டு இழுக்கும்’ என்ற எண்ணுக்குப் பின்னால் இப்படி ஒரு கடுமையான சோதனை இருக்கிறது. ஆனால் அந்த எண் குறையில்லாத எஞ்சினுக்கான எண்.

இந்த ஏற்றத்தில் 2,600 கிலோ ட்ரக் தனியாக மணிக்கு 90 கிலோமீட்டரில் ஏறுகிறது என்று வையுங்கள். தன் எடையை மேலே தூக்க மட்டும் சுமார் 43 குதிரைத்திறன் வேண்டும். பின்னால் 3,600 கிலோ ட்ரெய்லரை மாட்டினால் அது 100ஐத் தாண்டுகிறது. காற்றுத் தடையும் டயர் உராய்வும் தனி, உயரமான கேம்பர் என்றால் காற்றுத் தடையே பெரிய செலவு. இந்த எஞ்சின் 420 குதிரைத்திறன் தருவது, ஆகவே திணறாது. ஆனால் சிலிண்டர்களுக்குள் அழுத்தம் ஏறுகிறது. பிஸ்டனின் விட்டம் 103 மில்லிமீட்டர். எரியும் வாயு உச்சத்தில் 70 பார் அழுத்தத்தை (காற்று மண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 70 மடங்கு) தொட்டால், பிஸ்டனின் தலையில் விழுவது ஏறத்தாழ 6 டன். நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஒவ்வொரு சிலிண்டரிலும் விநாடிக்குப் பதினாறு பதினேழு தடவை அந்த அடி விழுகிறது. அத்தனையும் ராட் வழியாக அந்தப் பிறைத் தகட்டுக்கும் அதன் மேலிருக்கும் ஆயிலுக்கும்தான் போகிறது. சமவெளியில் காலி வண்டி போகும்போது இதில் ஒரு பங்குதான் விழும். பள்ளிக்கும் கடைக்கும் போய்வரும் வண்டியில் குறை வருடக்கணக்கில் தூங்கலாம். ஒரே ஒரு மலைப் பயணம் அதை எழுப்பிவிடலாம்.

டாப் கியரில் குறைந்த சுற்றில் இழுப்பது பேரிங்குக்கு ஏன் கெடுதல் என்பதும் இதிலிருந்தே தெரியும். வேகம் குறைவு, பாரம் அதிகம்: படலத்தை மெலிய வைக்கும் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. ட்ரக்கில் இருக்கும் இழுவைப் பொத்தானை அழுத்தினால் கியர்பாக்ஸ் ஒரு கியர் கீழேயே நின்று எஞ்சினைச் சற்று வேகமாகச் சுற்ற விடும். சத்தம் கூடுகிறது, பெட்ரோல் வீணாகிறது என்று சிலர் அதை அணைத்துவிடுகிறார்கள். அந்தச் சத்தம் நல்ல சத்தம்.

இந்த ரீகாலில் குறையுள்ள வண்டிகள் சுமார் 3 சதவீதம் இருக்கலாம் என்பது நிறுவனத்தின் மதிப்பீடு. அதாவது 18,000 வண்டிகள். ஆனால் இந்தக் கோளாறோடு தொடர்பிருக்கலாம் என்று அது கண்டெடுத்த புகார்களும் சம்பவங்களும் அமெரிக்காவில் 28,102. அவற்றில் 14,332இல் வண்டி இழுவிசையை இழந்ததாகச் சொல்லப்பட்டது. அத்தனையும் இதே குறையால் வந்தவை என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும் நூற்றுக்கு மூன்று என்று நிம்மதியடைவதற்கு முன்னால் அந்த மூன்றில் ஒன்றாக இருந்தால் என்ன நேரும் என்பதையும் பார்க்க வேண்டும்.

அதே 5 சதவீத ஏற்றம், அதே 6,200 கிலோ. எஞ்சின் நின்றுவிட்டது. சரிவும் டயர் உராய்வும் மட்டுமே பிடித்தால்கூட நாற்பது விநாடிக்குள், அரை கிலோமீட்டர் தூரத்தில் வண்டி நின்றுவிடும். காற்றையும் சேர்த்தால் இன்னும் சீக்கிரம். அதற்குள் பதிமூன்று மீட்டர் நீளமுள்ள வண்டித் தொடரை, பின்னால் லாரிகள் வந்துகொண்டிருக்கும் தடத்திலிருந்து ஓரத்துக்குக் கொண்டுவர வேண்டும். நின்ற பிறகு அது பின்னோக்கி உருளாமல் பிடிக்க வேண்டும். ட்ரெய்லரின் மின்பிரேக்குக்கு ட்ரக்கின் பேட்டரியிலிருந்து மின்சாரம் வருவதால் அது உடனே செத்துவிடாது, அது ஒரு ஆறுதல். காலி வண்டி என்றால் கிடைக்கிற இடைவெளியில் நுழைந்துவிடலாம், நாலு பேர் தள்ளிக்கூட விடலாம். ட்ரெய்லரோடு அது நடக்காது.

எல்லா ரீகாலும் இப்படி இல்லை. பின்புறக் கேமரா படம் காட்டவில்லை என்ற ரீகாலுக்கும் இழுவைக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. ஆனால் ஃபோர்டு 2024 ஜூனில் ஐந்தரை லட்சம் 2014 மாடல் எஃப்-150 ட்ரக்குகளைத் திரும்ப அழைத்தது வேறு கதை. கியர்பாக்ஸின் வெளிவேகத்தை அளக்கும் சென்சாரின் சிக்னல் அறுந்தால் வண்டி ஓட்டத்திலேயே முதல் கியருக்கு விழக்கூடும். பின்சக்கரங்கள் சட்டென்று பிடிமானம் இழக்கலாம், அந்த நேரத்தில் பின்னால் ட்ரெய்லர் தள்ளிக்கொண்டு வந்தால் இரண்டும் கத்திபோல மடங்கிக்கொள்ளும். இங்கே குறையை எழுப்புவது பாரம் இல்லை, குறை எழும்போது விளைவைப் பெரிதாக்குவது பாரம். டொயோட்டா 2024 மேயில் 2022, 2023 டண்ட்ரா ட்ரக்குகளைத் திரும்ப அழைத்ததோ எல்87 போன்றது: எஞ்சினில் தங்கிய கடைசல் துகள்கள் பேரிங்கில் ஒட்டி, அதிக பாரத்தில் தொடர்ந்து ஓடும்போது பேரிங் கெடலாம் என்று நிறுவனமே சொன்னது. பாரம் என்ற சொல் ரீகால் அறிக்கையிலேயே இருந்தால், ட்ரெய்லர் வைத்திருப்பவர் அந்த வரியை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

எல்87க்கு நிறுவனம் தந்த தீர்வு: சர்வீஸ் நிலையத்தில் பரிசோதனை, தேறாவிட்டால் புது எஞ்சின் வரை பழுதுபார்ப்பு. தேறினால் 0டபிள்யூ-20 ரக ஆயிலுக்குப் பதில் அதைவிடக் கெட்டியான 0டபிள்யூ-40, புது ஃபில்டர், புது ஆயில் மூடி. படலத்தைப் பற்றித் தெரிந்துவிட்டதால் இந்த ஆயில் மாற்றம் ஏன் என்று இப்போது புரியும். 150 டிகிரி சூட்டில், நசுக்கப்படும் நிலையில் அளந்தால், 20 ரக ஆயிலின் பாகுத்தன்மை குறைந்தபட்சம் 2.6 மில்லிபாஸ்கல் விநாடி இருக்க வேண்டும், 0டபிள்யூ-40க்கு 3.5. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கெட்டி. மேட்டுக்கும் எதிரே இருக்கும் உலோகத்துக்கும் நடுவே கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கிறது. மேடு அங்கேயேதான் இருக்கிறது.

ஆகவே என் வண்டியாக இருந்தால், பரிசோதனை முடியும்வரை ட்ரெய்லரை மாட்ட மாட்டேன். தேறி ஆயில் மாறிய பிறகு முதலில் சமவெளியில், சர்வீஸ் நிலையத்திலிருந்து அதிக தூரம் போகாமல், பாதி பாரத்தோடு சில நூறு கிலோமீட்டர் இழுத்துப் பார்ப்பேன். மலை அதற்குப் பிறகுதான். அவசரமாக இழுத்தே ஆக வேண்டுமென்றால் வேறு வண்டியை வாடகைக்கு எடுப்பேன். அமெரிக்காவில் 2015இல் வந்த சட்டப்படி, 35க்கு மேல் வண்டி வைத்திருக்கும் வாடகை நிறுவனங்கள் சரிசெய்யாத ரீகால் வண்டியை வாடகைக்கு விடக் கூடாது. சொந்த வண்டியின் நிலையைப் வின் என்ற பதினேழு இலக்க வண்டி அடையாள எண்ணை வைத்து அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

இழுத்துக்கொண்டு போகும்போது கீழிருந்து டக் டக் என்று ஒரு தட்டல் கேட்டு, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க அது பலமானால், அது பெரும்பாலும் ராட் பேரிங். அடுத்த ஊர் ஐந்து கிலோமீட்டர்தான் என்று தொடராதீர்கள். காலை எடுங்கள், அபாய விளக்கைப் போடுங்கள், வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓரத்துக்கு வந்துவிடுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, ட்ரெய்லரின் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.