ஃபியூஸ்டு டிஸ்கனெக்ட்: உருகியது எது?

தொழிற்சாலை மின் பேனல் சாமான்களின் தமிழ் விவரப் பக்கங்களில் ‘உருகிய துண்டிப்பு சுவிட்ச்’ என்ற தொடர் ஓயாமல் வருகிறது. ஃபியூஸும் கையால் மின்னிணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சும் சேர்ந்த ‘ஃபியூஸ்டு டிஸ்கனெக்ட் சுவிட்ச்’ என்ற சாதனத்துக்கு வைத்த மொழிபெயர்ப்பு அது. உருகிய மெழுகு என்றால் உருகிப்போன மெழுகு. அப்படியானால் உருகிய சுவிட்ச் காயலான் கடைக்குப் போக வேண்டியது; அதையா காசு கொடுத்து வாங்கச் சொல்கிறார்கள்? சிலர் அகராதியில் அடுத்த பொருளைப் பிடித்து ‘இணைந்த துண்டிப்பு சுவிட்ச்’ என்கிறார்கள். சேர்ந்ததா, துண்டானதா, அவர்களுக்கே வெளிச்சம்.

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லோடு ‘எட்’ ஒட்டினால் ‘அதை உடைய’ என்றும் பொருள் வரும். ‘பியர்டட்’ என்றால் தாடி வைத்தவர்; ‘ஃபியூஸ்டு’ என்றால் ஃபியூஸ் வைத்தது. அவ்வளவுதான் சங்கதி.

சொல்லின் வேர் பற்றிச் சுருக்கமாக: வெடித்திரியைக் குறிக்கும் ஃபியூஸ், நூற்கும் கதிருக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. உருக்குதலைக் குறிக்கும் வினைக்கு வேர் வேறு. மின் ஃபியூஸ் எந்தக் கிளை என்று அகராதிக்காரர்கள் வழக்காடட்டும். தமிழ், அது செய்யும் வேலையைப் பார்த்து ‘உருகி’ என்று பெயர் வைத்துவிட்டது. ‘பீஸ் போயிருச்சு’ என்கிற வீட்டுக்கும் அந்தச் சொல் புரியும்.

சிக்கல் அந்த நல்ல சொல்லிலேயே இருக்கிறது. ‘உருகி’ பெயர்ச்சொல்லும்தான், வினையெச்சமும்தான். ‘உருகித் துண்டிப்பான்’ என்று எழுதினால் ‘உருகி அதனால் துண்டிப்பது’ என்று படிக்கலாம். அது வெறும் ஃபியூஸ். கைப்பிடியைத் திருப்பி நிறுத்தும் சாதனம் காணாமல் போகிறது. ‘உருகியுள்ள’ என்று திருத்துகிறவர்களும் பாதிக் கிணறுதான் தாண்டுகிறார்கள்: உருகியுள்ள மெழுகும் உருகிய மெழுகுதானே. ‘உருகி பொருத்திய’ என்பதே தப்பாது. இடையில் ‘ப்’ போட்டால் மறுபடி வினையெச்சம். ஒற்றுப்பிழை என்று சிரித்துவிட்டுப் போகும் இடமல்ல இது.

இதே சாதனத்தைச் சிலர் ‘சுற்று முறிப்பான்’ என்கிறார்கள். எனக்குப் பெரிய ஆட்சேபம் அதன் மீதுதான். அந்தப் பெயர் சர்க்யூட் பிரேக்கருக்கு உரியது. பிரேக்கர், பழுதால் பாயும் மின்னோட்டத்தைத் தானே முறிக்கும், மூன்று ஃபேஸையும் சேர்த்துத் திறக்கும். ஃபியூஸ்டு டிஸ்கனெக்டில் குறுக்குச் சுற்று வந்தால் ஃபியூஸ்தான் முறிக்கிறது. சுவிட்ச் அதற்குப் படைத்ததல்ல. ஒரு ஃபியூஸ் மட்டும் போனால் மற்ற இரண்டு ஃபேஸில் மோட்டார் முனகிக்கொண்டே சூடேறும். முறிப்பான் என்று நம்பியவர் ஒற்றை ஃபேஸ் பாதுகாப்பைத் தனியாகப் போட மாட்டார். கருகும் காயிலுக்கு மொழிபெயர்ப்பாளரா பணம் தருவார்?

ஐசோலேட்டருக்குச் சொல்லப்படும் ‘தனிமைப்படுத்தி’யும் வேண்டாம். நோயாளியைத்தான் தனிமைப்படுத்துவோம், மின்னிணைப்பைப் பிரிப்போம். ‘பிரிப்பான்’ போதும். பிரிப்பான் என்பதற்கு நிபந்தனை உண்டு: தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால் கைப்பிடி ‘ஆஃப்’ நிலையைக் காட்டவோ, அங்கே பூட்டுப் போடவோ விடக்கூடாது.

ஆனால் பிரிப்பான் எல்லாம் சுவிட்ச் ஆகிவிடாது. ஐஇசி என்ற சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60947-3 தரத்தில், பயன்பாட்டு வகை ஏசி-20 என்று குறித்திருந்தால் சுமையில்லாதபோது மட்டுமே திறக்க வேண்டும். ஏசி-21 மின்தடைச் சுமைக்கு, ஏசி-22 கலப்புச் சுமைக்கு, ஏசி-23 மோட்டாருக்கு. பேனலில் இடம் மிச்சம் என்று 10×38 மி.மீ. உருளை ஃபியூஸ் ஏந்திகளை 32 ஆம்பியர் வரை வரிசையாக வைக்கிறார்கள். அவற்றில் பல ஏசி-20-இன் உட்பிரிவான ஏசி-20பி வகை. அதையும் ‘சுவிட்ச்’ என்று தமிழில் எழுதிவிட்டால், மோட்டார் ஓடும்போது நெம்புகோலை இழுப்பவர் முகத்துக்கு நேரே வில்பொறி எழும்.

அமெரிக்கச் சந்தையிலும் இதே குழப்பம். யூ.எல். என்ற அமெரிக்கப் பாதுகாப்புத் தர அமைப்பின் யூ.எல். 98 தரச் சாதனம் சுமையோடு பிரிக்கும் சுவிட்ச், யூ.எல். 4248 தரமோ ஃபியூஸ் ஏந்திக்கு மட்டும். அங்கே புழங்கும் ‘கிளாஸ் சிசி’ என்ற சிறு ஃபியூஸ் வகை 30 ஆம்பியர் வரை கிடைக்கும்; 600 வோல்ட்டில் 200 கிலோ ஆம்பியர் பழுது மின்னோட்டத்தையும் முறிக்கும். ஏறக்குறைய அதே அளவில் கிடைக்கும் நிரப்பு ஃபியூஸ்களில் (துணைப் பாதுகாப்புக்கு மட்டும் வைக்கும் ‘சப்ளிமென்டல்’ ஃபியூஸ்) பல 10 கிலோ ஆம்பியரோடு நின்றுவிடும். சிசி ஃபியூஸின் ஒரு முனையில் இருக்கும் சிறு குமிழுக்கென்றே செய்த ஏந்தி, குமிழில்லாததை ஏற்காது. ‘ரிஜெக்‌ஷன்’ என்ற இந்த அமைப்பை ‘நிராகரிப்பு’ என்று எழுதுகிறார்கள். விண்ணப்பமா அது, நிராகரிக்க? ‘மாற்றினம் ஏற்காத ஏந்தி’ என்றால் வாங்குபவருக்கு விஷயம் புரியும்.

ஐஇசி தரநூலின் ‘ஃபியூஸ்-சுவிட்ச்’, ‘சுவிட்ச்-ஃபியூஸ்’ இரண்டையும் ஒன்றாக்குவதும் தவறு. முன்னதில் ஃபியூஸோ அதன் கட்டையோதான் அசையும் தொடுமுனை. பின்னதில் சுவிட்சுக்குத் தொடராக ஃபியூஸ் நிற்கிறது. இலங்கைப் பாடநூல்களில் சுவிட்ச் ‘ஆளி’. தமிழ்நாட்டில் ஆளி என்றால் விதைதான் நினைவுக்கு வரும். இருந்தாலும் ‘உருகியாளி’, ‘ஆளியுருகி’ என்று இவ்விரண்டையும் பிரித்துச் சொல்ல அந்தச் சொல் அழகாக இடம் தருகிறது. ‘உருகி பொருத்திய பிரிப்பாளி’ என்று நான் எழுதுவேன். பட்டறைக்குப் போகிற தாளில் ‘உருகி பொருத்திய பிரிப்பு சுவிட்ச்’ என்று போட்டு, பக்கத்திலேயே ஏசி வகை எண்ணையும் அச்சிட்டால் யாரும் குறை சொல்லப்போவதில்லை.