பேஸ் கிட்டார் ஊமையானால் எங்கே தேடுவது?

போன ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம், கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தம்பி பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுக்கு வந்தார். சர்ச் பாடல் குழுவில் வாசிப்பவர். "அண்ணே, சத்தமே வரல. பிக்கப் எரிஞ்சிருக்கும், புதுசுதான் போடணும்னு கடையில சொல்றாங்க" என்றார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சாதாரண பேஸ் கிட்டாரில் பிக்கப்பை எரிக்கும் அளவுக்கு மின்சாரமே கிடையாது. ஏன் என்று புரிந்துவிட்டால் பழுதைத் தேடுவது பாதி முடிந்த மாதிரி.

பிக்கப் என்பது ஒரு காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பியும்தான். அந்தக் கம்பி தலைமுடி அளவுக்கு மெல்லியது. ஏறக்குறைய 10,000 சுற்று சுற்றியிருப்பார்கள். மேலே இருக்கும் இரும்புத் தந்தியைக் காந்தம் லேசாகக் காந்தமாக்கிவிடுகிறது. தந்தி அதிரும்போது சுருளுக்குள் காந்தப்புலம் மாறுகிறது. புலம் மாறினால் கம்பியில் மின்னழுத்தம் பிறக்கும். ஃபாரடே 1831இல் கண்டுபிடித்தது இதைத்தான். நைலான் தந்தி மாட்டினால் இந்தக் கிட்டார் பேசாததற்கும் இதுவே காரணம். பிறக்கும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் சிறு பங்கு. அது வால்யூம், டோன் இரண்டையும் கடந்து, கேபிளைச் செருகும் துளையான ஜாக் வழியாகக் கேபிளில் இறங்கி, ஆம்புக்கு, அதாவது ஒலிபெருக்கிக்குப் போகிறது. லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பிரெசிஷன் பேஸ் முதல் தம்பி கையில் இருந்தது வரை அடிப்படை இதுதான்.

ஆகவே பாதை மிகவும் சின்னது. எங்கே அறுந்தது என்பதுதான் கேள்வி. முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். பிளக்கை ஒட்டி வளையும் இடத்தில் உள்ளே ஒயர் அறுந்திருக்கும், வெளியே தெரியாது. அடுத்து ஆம்பின் வால்யூமைக் குறைத்து வைத்து, கேபிளின் கிட்டார் முனையில் பிளக்கின் நுனியை விரலால் தொடுங்கள். ஆம்ப் உறுமினால் கேபிளும் ஆம்பும் சரி, பழுது கிட்டாருக்குள் இருக்கிறது.

இனி கிட்டாரைத் திறக்காமலே உள்ளே எட்டிப்பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. கேபிளைக் கிட்டாரில் செருகி, மறுமுனையை ஆம்பில் மாட்டாமல், மின்தடை (ஓம்) அளக்கும்படி வைத்த மல்டிமீட்டரில் பிடியுங்கள். ஒரு முள் பிளக்கின் நுனியில், இன்னொன்று அதன் உடம்பில். வால்யூமை முழுக்கத் திருப்புங்கள். பிரெசிஷன் வகையில் பிக்கப் 10, 11 கிலோ ஓம் இருக்கும். அதற்கு இணையாக 250 கிலோ ஓம் வால்யூம் பாட் (திருப்பினால் மின்தடை மாறும் பாகம்) இருப்பதால் மீட்டர் கொஞ்சம் குறைத்தே காட்டும். டோன் பாட் கணக்கில் வராது, அதன் பாதையில் இருக்கும் கெபாசிட்டர் மீட்டரின் நேர்மின்னோட்டத்தை விடாது. இரண்டு பிக்கப் உள்ள ஜாஸ் பேஸ் வகையில் இரண்டும் இணையாக இருப்பதால் 3.5 கிலோ ஓம் பக்கம் வரும். அங்கே 7 காட்டினால் ஒரு பிக்கப் இணைப்பில் இல்லை என்று அர்த்தம். பூஜ்யம் காட்டினால் எங்கோ இரண்டு ஒயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்றுமே காட்டாவிட்டால் ஜாக்கிலேயே ஒயர் விட்டிருக்கலாம். ஜாக்கின் நட்டு தளர்ந்து, பிளக் செருகும்போதெல்லாம் ஜாக் முழுவதும் சுழன்று, கடைசியில் ஒயர் முறுக்கிக்கொண்டு அறுந்துபோகும். நான் அதிகம் பார்த்த பழுது அது.

தம்பியின் கிட்டாரில் மீட்டரை 20K அளவில் வைத்தபோது எதுவும் வரவில்லை. 2000K அளவுக்குத் திருப்பியதும் 238 என்றது. அவர் முகத்தில் கலக்கம். எனக்கு நிம்மதி. 238 என்பது வால்யூம் பாட்டின் அளவு, அந்த அளவுக்கு ஏற்ற இறக்கம் பாட்களில் சகஜம். அதாவது கேபிள், ஜாக், பாட் எல்லாம் சரி, பாட்டுக்குப் பிறகு பிக்கப் வரை உள்ள சில அங்குலத்தில்தான் பாதை அறுந்திருக்கிறது. மூடியைக் கழற்றி, பிக்கப் ஒயர்கள் இரண்டிலும் நேராக முள்ளை வைத்தேன். 10.6 கிலோ ஓம். பிக்கப் நன்றாகவே இருந்தது. பாட்டின் முதுகில் ஈயம் வைத்த இடத்தில் மங்கலாக, சாம்பல் பூத்த மாதிரி ஒரு குமிழ். அதைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. ஒயரை நகத்தால் தள்ளினேன், அப்படியே கழன்று வந்தது. ஈயம் சரியாக ஒட்டாத இந்த இணைப்புக்குப் பெயர் டிரை சால்டர்.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் இந்தப் பழுது அதிகம் வருவதில் வியப்பில்லை. கடல் காற்றில் உப்புத் துகள் இருக்கிறது. உப்பு ஈரத்தை இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும், அந்த ஈரத்தில் குளோரைடு செம்பை அரிக்கும். சரியாக உருகி ஒட்டிய ஈயம் பல வருடம் தாங்கும். அரைகுறையாக ஒட்டியதில் நுண்ணிய இடைவெளி இருக்கும், அதற்குள் ஈரம் புகுந்துவிடும். வால்யூமைத் திருப்பும்போது கரகரவென்று கேட்பதும் பெரும்பாலும் பாட்டின் கரித்தடத்தில் அழுக்கும் அரிப்பும் சேர்வதால்தான். கான்டாக்ட் கிளீனரை உள்ளே கொஞ்சம் அடித்து, இருபது முப்பது முறை திருப்பினால் பாதிக்கு மேல் சரியாகிவிடும். வடகிழக்குப் பருவமழை முடியும் வரை கிட்டார் பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள், நனைந்த தோள்வாரை உள்ளே வைக்காதீர்கள்.

சத்தம் வருகிறது, ஆனால் கூடவே "ம்ம்ம்" என்று உறுமுகிறது என்றால் கதை வேறு. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கனத்த ஈ தந்தியின் மூன்றாம் கட்டில் (ஃபிரெட்) வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். அதனால்தான் நம் ஊரில் இந்த உறுமல் ஜி சுரத்துக்கு மிக அருகில், கொஞ்சம் தூக்கலாகக் கேட்கிறது. ஜி பாட்டு வாசிக்கும்போது அது மறைந்துகொள்ளும், பாட்டு நின்றதும் தலை காட்டும். தந்தியைத் தொட்டால் உறுமல் குறைகிறதா? அப்படியானால் எர்த் ஒயர் சரியாக இருக்கிறது, வெளியிலிருந்து வரும் இரைச்சலைத் தடுக்கும் ஷீல்டுதான் போதவில்லை. உள்ளே செம்புத் தாள் ஒட்டி, அதையும் எர்த்தில் சேர்க்க வேண்டும். தந்தியைத் தொட்டால் மாற்றமில்லை, ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் குறைகிறது என்றால் தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் விட்டிருக்கிறது. தொட்டால் உறுமல் கூடினால் சிக்னல் ஒயரும் எர்த் ஒயரும் எங்கோ இடம் மாறியிருக்கலாம். ஜாஸ் பேஸில் ஒரு வால்யூமைக் குறைத்ததும் உறுமல் வந்தால் அது பழுதே அல்ல. இரண்டு பிக்கப்பும் எதிரெதிராகச் சுற்றப்பட்டவை, இரண்டும் சமமாக இருந்தால்தான் ஒன்றின் உறுமலை மற்றது அழிக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த எர்த் ஒயர் வழியாகத் தந்தியும், தந்தியைத் தொடும் உங்கள் கையும் ஆம்பின் உடம்போடு இணைந்திருக்கின்றன. திருவிழாப் பந்தலில் மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்துவிட்டுச் செருகினால், ஆம்பில் கசியும் மின்சாரம் தந்திக்கே வரும். மைக்கில் உதடு பட்டதும் சுரீர் என்று அடித்தால் வாசிப்பதை நிறுத்துங்கள். எலக்ட்ரீஷியன் எர்த்தைச் சரிபார்க்கும் வரை கிட்டாரைத் தொடவே கூடாது. கச்சேரி தாமதமானால் பரவாயில்லை.

பேட்டரி உள்ள ஆக்டிவ் பேஸ் என்றால் எல்லாவற்றுக்கும் முன் 9 வோல்ட் பேட்டரியைப் பாருங்கள். பிளக்கைச் செருகினாலே அது ஓட ஆரம்பித்துவிடும். வாசித்து முடித்தும் கேபிளைக் கழற்றாமலே விட்டு வந்தால் பேட்டரி வீணாகத் தீர்ந்து, சத்தம் இழுத்துக் கிழிந்த மாதிரி வரும்.

தம்பியின் கிட்டாருக்கு வருவோம். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, பாட்டின் முதுகை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பேஸ்ட் தடவி, முதலில் பாட்டைச் சூடாக்கி அதன்மேல் ஈயத்தை உருகவிட்டேன். ஈயத்தை அயர்னில் உருக்கிக் கொண்டுபோய் மேலே தடவினால் மறுபடி டிரை சால்டர்தான் வரும். ஆறும்வரை ஒயர் அசையாமல் அவர் பிடித்துக்கொண்டார். கேபிள் முனையில் மீட்டரை வைத்ததும் 10.1 வந்தது.